கருவி வழி முன்தோல் நீக்கம்: நோயாளிகள் அறிய வேண்டுவன

ஆண்குறியின் நுனியை மூடியிருக்கும் தோலை அகற்றும் அறுவைச் சிகிச்சையே முன்தோல் நீக்கம் எனப்படும். இஸ்லாமியர் இதனைச் சமயக் கடமையாகக் கொண்டு, பெரும்பாலும் பள்ளி விடுமுறையில் தம் சிறுவர்க்குச் செய்விப்பதை நாம் அறிவோம். ஏனைய சமயத்தினர்க்கும் நோய் காரணமாக இச்சிகிச்சை தேவைப்படுவதுண்டு. குறிப்பாக, நீரிழிவுடைய ஆடவர்க்கு முன்தோலில் அடிக்கடி புண் உண்டாகித் தோல் இறுகிவிடும். சிலருக்கு இவ்விறுக்கமே நீரிழிவின் முதல் அடையாளமாகவும் அமையும். ஆகவே வெட்கத்தால் மறைத்து வைக்காமல் மருத்துவரிடம் காட்டி, இரத்தத்தில் சர்க்கரையின் அளவையும் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

கருவிகளின் வகைகள்

கத்தியால் தோலை வெட்டித் தையலிடுவது நெடுநாளைய முறை. இப்போது இதற்கெனப் பல கருவிகள் வந்துள்ளன. அவற்றை இருவகையாகக் கொள்ளலாம்.

முதல்வகை, தோலை நெருக்கி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் வளையங்களும் கிளாம்புகளும் ஆகும். சிறுவர்க்குப் பயன்படும் பிளாஸ்டிபெல் வளையம் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானே விழுந்துவிடும். சீனாவில் உருவான ஷாங் வளையத்தை வழக்கமாக ஏழாம் நாளில் மருத்துவப் பணியாளர் கழற்றுவர். இரண்டாம் வகை ஸ்டேப்ளர் ஆகும். இதிலுள்ள வட்டக்கத்தி தோலை வெட்டும்போதே நுண்ணிய உலோகப் பின்கள் காயத்தை இணைத்துவிடும். அப்பின்கள் சில வாரங்களில் தாமே உதிரும்.

மக்கள் 'லேசர்' என்று கூறுவது பல இடங்களில் மின்சூட்டால் வெட்டும் முறையே ஆகும். எம்முறையில் சிகிச்சை நடைபெறும் என்பதை முன்கூட்டியே கேட்டறிதல் நோயாளியின் உரிமை.

கருவியால் நேரம் குறையும். இரத்தப் போக்கும் பொதுவாகக் குறையும். எனினும், எல்லாக் கருவியும் எல்லா வயதினர்க்கும் பொருந்தா. மலேசியாவில் உருவாக்கப்பட்ட தாரா கிளாம்ப் எனும் கருவியைத் தென்னாப்பிரிக்காவில் இளைஞர்களுக்குப் பயன்படுத்திப் பார்த்தபோது, கத்திமுறையில் கண்டதைவிட மிகுதியான தொல்லைகள் ஏற்பட்டதை 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. ஆதலின், கருவியின் பெயரைவிட அதனைக் கையாள்பவரின் பயிற்சியும், சரியான அளவைத் தேர்ந்தெடுப்பதுமே முக்கியமாகும்.

சிகிச்சைக்கு முன்

சிறுநீர்த் துளை நுனியில் அமையாமல் கீழ்ப்புறத்தில் அமைந்திருக்கும் குழந்தைக்கு முன்தோலை நீக்கலாகாது. அக்குறையைச் சரிசெய்யும் அறுவைக்கு அத்தோல் தேவைப்படும். சிறு குழந்தைகளின் முன்தோல் பின்னே நகராதிருப்பது பெரும்பாலும் இயற்கையே. அதனை வலிந்து இழுத்தல் தவறு. வேறு சிலருக்குக் களிம்பு மட்டுமே போதுமானதாக இருக்கும்.

இரத்தம் எளிதில் உறையாத நோய், நீரிழிவு, மருந்து ஒவ்வாமை ஆகியவை இருப்பின் மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்பவர் அதனைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது. தோல் அழுகி விழும் வரை வளையம் மாட்டியிருக்கும் முறைகளில் இழுப்புநோய்த் தடுப்பூசி பற்றியும் கேட்டறிதல் நலம்.

சிகிச்சைக்குப் பின்

சில நாள்களுக்கு வீக்கமும் வலியும் இருக்கும். காயத்தின்மேல் தோன்றும் மெல்லிய மஞ்சள் படலம் ஆறுதலின் அடையாளமாக இருக்கலாம். அதனைச் சுரண்ட வேண்டா. வளையத்தையோ பின்களையோ கையால் பிடுங்குதல் கூடாது. தளர்ந்த கைலி அணிதல் நன்று. மஞ்சள்தூள், சாம்பல், காப்பித்தூள் முதலியவற்றைக் காயத்தில் இடுதல் தீங்கு பயக்கும். மணமான ஆடவர் ஏறத்தாழ ஆறு வாரம் உடலுறவைத் தவிர்க்க வேண்டும்.

அழுத்திப் பிடித்தும் இரத்தம் நில்லாமை, சிறுநீர் கழிக்க இயலாமை, காய்ச்சல், சீழ், துர்நாற்றம், நுனி கறுத்தல், வளையம் இடம் பெயர்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோட்டத்திலிருந்து பட்டணம் தொலைவாக இருப்பின், இரவில் செல்வதற்குரிய வண்டிக்கு முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்வது அறிவுடைமை.

கருவி சில நிமிடங்களில் தன் வேலையை முடித்துவிடும். அதற்கு முன்னரான பரிசோதனையும் பின்னரான கவனிப்புமே சிகிச்சையை வெற்றியாக்குவன. ஆகவே, மலிவையும் விளம்பரத்தையும் மட்டும் நோக்காமல், பயிற்சி பெற்ற மருத்துவரை நாடுவோமாக.