ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: ஊர் வேலையை நாமே சரிபார்ப்போம்

நெல் விற்கும்போது எடையைப் பார்க்கிறோம். நிலம் வாங்கும்போது அளவைக்காரரோடு வரப்பு வரப்பாக நடக்கிறோம். ஆனால், வாய்க்கால் தூர்வார ஊராட்சி செலவழித்த பணத்தை மட்டும் அளந்து பார்ப்பதில்லை. தண்ணீர் கடைமடைக்கு வராதபோதுதான், ‘எல்லாரும் தின்னுட்டாங்க’ என்று டீக்கடையில் பேசுகிறோம். அந்தப் பேச்சால் ஒரு கூடை மண்கூட வெளியே வராது. அளவு கையில் இருந்தால் வரும்.

எந்தக் காகிதம் வேண்டும்?

ஒவ்வொரு பணிக்கும் இரண்டு ஆவணங்கள் முக்கியம். ஒன்று, என்ன வேலை, எவ்வளவு பணம் என்று சொல்லும் மதிப்பீடு. மற்றொன்று, முடித்த வேலையின் நீளம், அகலம், ஆழத்தைப் பதியும் அளவுப் புத்தகம். அலுவலகத்தில் ‘எம்-புக்’ என்பார்கள். இதை வைத்துத்தான் பில் போடுகிறார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன்படி, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். ‘ஏன் ஊழல் நடந்தது?’ என்று கேட்காதீர்கள். ‘இந்தப் பணியின் மதிப்பீடு, அளவுப் புத்தக நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளில் மாதிரி எடுக்கவும் இதே சட்டம் உரிமை தருகிறது.

எப்படி அளப்பது?

100 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்றால் 100 கன மீட்டர் மண் எடுத்திருக்க வேண்டும். ஆழம் கால் மீட்டர்தான் என்றால் 50 கன மீட்டர். பாதி வேலைக்கு முழுப் பணம் போயிருக்கிறது என்று அர்த்தம். நீளம் குறைந்தால் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஆழம் குறைந்தால் டேப் பிடித்தால்தான் தெரியும்.

வேலை தொடங்கும் முன்பே கரையில் நாலைந்து இடங்களில் அடையாளக் கல் நட்டு, அங்கிருந்து வாய்க்காலின் அடிமட்டம் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். போட்டோவும் எடுங்கள். வேலை முடிந்ததும், தண்ணீர் வருமுன் அதே இடங்களில் மறுபடி அளக்க வேண்டும். தண்ணீர் ஓடி வண்டல் படிந்துவிட்டால் எதையும் நிரூபிக்க முடியாது.

எங்கே கேட்பது?

இந்த வழியைக் காட்டியவர்கள் ராஜஸ்தான் கிராம மக்கள். 1994-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அமைப்பினர் வேலைப் பதிவேடுகளை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி எடுத்தது அம்பலமானது. அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான் தகவல் உரிமைச் சட்டமே வந்தது.

நமக்கு அந்த ஊர் நடு என்பது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் அதில் உறுப்பினர்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் அளவையும் வாசியுங்கள். வித்தியாசம் இருந்தால் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்காத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் சந்தேகங்கள்

*தனியாகக் கேட்டால் ஊர்ப் பகை வருமே?*

தனியாகப் போகாதீர்கள். அந்த வாய்க்காலில் பாசனம் செய்யும் பத்துப் பேர் சேர்ந்து அளந்து, பத்துப் பேரும் கையெழுத்திடுங்கள். யார் பெயரையும் குறைசொல்ல வேண்டாம், அளவை மட்டும் பேசுங்கள். நேர்மையாக வேலை செய்த தலைவருக்கு அதுவே நற்சான்று ஆகிவிடும்.

*மனுவைத் தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால்?*

அவர்களே 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். நகலும் தபால் ரசீதும் உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும்.