ஸ்பிரிங்ஃபீல்டு: ஒரு வதந்தி வேர்பிடித்த கதை

2024 செப்டம்பர் 10 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நடந்த அதிபர் வேட்பாளர்கள் விவாதத்தைத் தொலைக்காட்சியில் சுமார் 6.7 கோடிப் பேர் பார்த்தார்கள். கமலா ஹாரிஸை எதிர்கொண்ட டொனால்ட் ட்ரம்ப், ஓஹியோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் குடியேறிகள் ஊர்க்காரர்களின் நாய், பூனைகளைத் தின்கிறார்கள் என்றார். நம்பத்தகுந்த புகார் எதுவும் இல்லை என்று நகர நிர்வாகம் சொல்லியிருப்பதை நெறியாளர் டேவிட் மியூர் அந்த மேடையிலேயே தெரிவித்தார். ஆனாலும் வதந்தி அடங்கவில்லை. ஏன்?

எங்கிருந்து வந்தது?

யாரோ சொல்ல யாரோ கேட்டு ஃபேஸ்புக் குழு ஒன்றில் இட்ட பதிவுதான் தொடக்கம். நேரில் தனக்கு எதுவும் தெரியாது என்று அதை எழுதியவரே பிறகு ஒப்புக்கொண்டு வருந்தினார். அதற்குள் வேறு ஊர்களின் சங்கதிகளும் அதோடு ஒட்டிக்கொண்டன. பூனையைக் கொன்றதாகக் கைதான பெண் கேன்டன் நகரைச் சேர்ந்தவர். வதந்தி குறிவைத்த குடியேறிகளின் நாடான ஹைட்டிக்கும் அவருக்கும் தொடர்பில்லை. வாத்தைத் தூக்கிச் செல்பவரின் படம் கொலம்பஸில் எடுக்கப்பட்டது. விவாதத்துக்கு முந்தைய நாள், துணை அதிபர் வேட்பாளரும் ஓஹியோ செனட்டருமான ஜே.டி.வான்ஸ் இந்தப் பேச்சை எக்ஸ் தளத்தில் பகிர்ந்தார்.

உண்மையான குறை என்ன?

நெருப்பில்லாமல் புகையுமா என்பார்கள். இங்கே நெருப்பு இருந்தது. ஆனால் அது எரிந்த இடம் வேறு.

1960களில் 80,000 பேருக்கு மேல் வாழ்ந்த தொழில் நகரம் இது. ஆலைகள் மூடின; 2020இல் மக்கள்தொகை 60,000க்கும் கீழே போயிருந்தது. 1999 முதல் 2014 வரை குடும்பங்களின் இடைநிலை வருமானம் 27 சதவீதம் சரிந்ததாக பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. பின்னர் புதிய தொழில்கள் வந்தபோது வேலைக்கு ஆள் போதவில்லை. உள்நாட்டு வன்முறையிலிருந்து தப்பிய ஹைட்டி மக்கள் சில ஆண்டுகளில் 12,000 முதல் 20,000 பேர் வரை இங்கு வந்து சேர்ந்தார்கள் என்பது மதிப்பீடு. பெரும்பாலோர் தற்காலிகப் பாதுகாப்பு அந்தஸ்து போன்ற சட்டப்படியான அனுமதியோடு இருந்தவர்கள். கிடங்குகளுக்கும் ஆலைகளுக்கும் தொழிலாளர்கள் கிடைத்தார்கள்.

ஊரின் மற்ற வசதிகள் அதே வேகத்தில் வளரவில்லை. வாடகை ஏறியது. மருத்துவமனைகளில் காத்திருப்பு நீண்டது. பள்ளிகளில் மொழிபெயர்ப்பாளர்கள் போதவில்லை. 2024 ஜூலையில் நகர மேலாளர் வீட்டுவசதிக்கு மத்திய அரசின் உதவி கேட்டு செனட்டர்களுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு மாதம் கழித்து நாடு முழுவதும் ஸ்பிரிங்ஃபீல்டின் பெயர் அடிபட்டது. ஆனால் பேச்சு வாடகையைப் பற்றியல்ல, பூனையைப் பற்றி.

2023 ஆகஸ்டில் ஓஹியோவில் செல்லத்தக்க உரிமம் இல்லாத ஹைட்டி ஓட்டுநர் ஒருவரின் வாகனம் பள்ளிப் பேருந்தில் மோதி 11 வயதுச் சிறுவன் இறந்திருந்தான். அந்தத் துயரமும் பிரச்சாரத்துக்குப் பயன்பட்டது. விவாதம் நடந்த அதே நாளில், மகனின் மரணத்தை அரசியலுக்கு இழுக்க வேண்டாம் என்று தந்தை நகர மன்றத்தில் கேட்டுக்கொண்டார்.

மறுப்பு ஏன் எடுபடவில்லை?

ஊடகங்கள் வதந்தியை மறுத்தன. ஆனால், செய்தி ஊடகங்களை ஓரளவுக்காவது நம்புவோர் 31 சதவீதமே என்றது 2024இன் காலப் கருத்துக்கணிப்பு. ஜனநாயகக் கட்சியினரில் 54 சதவீதம் பேர் நம்பினார்கள். குடியரசுக் கட்சியினரில் 12 சதவீதம் பேர்தான். சொல்பவரையே நம்பாதவர் அவர் சொல்லும் மறுப்பை எப்படி ஏற்பார்? இன்னொரு பக்கம், வாடகையைப் பற்றிப் புலம்பியவரையும் வெறுப்பைக் கக்கியவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசியவர்கள் இருந்தார்கள். குறையைக் காதில் வாங்கியவர் பொய்யையும் சேர்த்து விற்றார். பொய்யை மறுத்தவர் குறையைத் தள்ளிவிட்டார். இரண்டு முகாம்களாகப் பிளந்த அரசியலின் வேலை இதுதான். மக்களின் துன்பத்தை ஊடகங்கள் கவனிக்கக் கதைகளை உருவாக்க வேண்டுமென்றால் அதைச் செய்வேன் என்ற பொருளில் வான்ஸ் சிஎன்என் பேட்டியில் வெளிப்படையாகவே பேசினார்.

விலை கொடுத்தவர் யார்?

முப்பதுக்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. அனைத்தும் போலி, பல வெளிநாட்டிலிருந்து வந்தவை. பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் அவசரமாக வெளியேற்றப்பட்டார்கள். ஹைட்டி குடும்பங்கள் அஞ்சி வீட்டுக்குள் முடங்கின. ஆனால் மிரட்டலால் பாதிக்கப்பட்ட வகுப்பறைகளில் ஊர்க்காரர்களின் பிள்ளைகளும்தான் இருந்தார்கள்.

பொய், குறை இரண்டையும் பிரித்துப் பார்த்தவர் ஓஹியோ ஆளுநர் மைக் டிவைன். அவர் பிறந்த ஊர் ஸ்பிரிங்ஃபீல்டு. கட்சி, ட்ரம்ப்பின் குடியரசுக் கட்சி. வதந்தி பொய் என்று அறிவித்த அவர், பள்ளிகளுக்கு மாநிலக் காவலர்களை அனுப்பினார். ஆரம்ப சுகாதாரச் சேவைக்கு 25 லட்சம் டாலர் அறிவித்தார். சாலைப் பாதுகாப்புக்கும் ஏற்பாடு செய்தார். பொய்யை மறுத்ததோடு நிற்காமல் குறைக்கும் பதில் சொன்னார்.

அந்த அணுகுமுறை பரவவில்லை. ஹைட்டி மக்களுக்கான தற்காலிகப் பாதுகாப்பை முடிவுக்குக் கொண்டுவருவதாக 2025இல் ட்ரம்ப் அரசு அறிவித்தது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. உண்மை சரிபார்ப்பு அவசியம்தான். ஆனால், மக்களின் நியாயமான முறையீட்டை நிர்வாகமும் ஊடகமும் நேரத்தோடு காது கொடுத்துக் கேட்காத ஊரில், சரிபார்ப்பு எப்போதும் வதந்திக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கும்.