உதிர்ந்த மாங்காயும் காசாகும்

பர்கூர், கிருஷ்ணகிரி வட்டாரத் தோப்புகளில் கோடைக் காற்றுக்கு உதிரும் பெங்களூரா மாங்காய்கள் கூழ் ஆலைக்கு உதவுவதில்லை; ஆலைக்குத் தேவை பழம். உதிர்காய் அடிமாட்டு விலைக்குப் போகும், அல்லது மரத்தடியிலேயே அழுகும். ஆனால் ஜெல்லி செய்யப் பழத்தைவிடக் காயே ஏற்றது. காரணம் அதிலுள்ள பெக்டின்.

பெக்டின் என்பது காய்கனிகளின் திசுக்களை ஒட்டிப் பிடிக்கும் பசை. புளிப்பும் சர்க்கரையும் தகுந்த அளவில் சேர்ந்தால் சாற்றை உறைய வைக்கும். பழம் கனிந்து குழையும்போது இது சிதைந்துவிடும்.

செய்முறை எளிது. அடிபட்ட பகுதியை நீக்கி, காயைத் தோலுடன் நறுக்கி, மூழ்கும் அளவு நீரில் அரை மணி நேரம் வேகவைத்து, பிழியாமல் துணியில் வடிக்க வேண்டும்.

பெக்டின் அளவை அறிய, ஆறிய சாறு ஒரு தேக்கரண்டியுடன் இரண்டு தேக்கரண்டி ஸ்பிரிட் கலக்கவும். ஒரே கட்டியாகத் திரண்டால் சாற்றின் அளவுக்குச் சர்க்கரை சேர்க்கலாம். சில துண்டுகளானால் முக்கால் பங்கு போதும். பொடித் துகள்களானால் சாற்றை மேலும் சுண்டவைக்கவும். ஸ்பிரிட் நஞ்சு, எளிதில் தீப்பற்றும். சோதனையை அடுப்பருகே செய்யாமல், சோதித்த சாற்றைக் கொட்டிவிட வேண்டும்.

சர்க்கரை சேர்த்துக் கொதிக்கும் சாறு, கரண்டியைச் சாய்த்தால் சொட்டாமல் தகடுபோல் விழுவதே பதம். சுடச்சுடச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் நிரப்பவும்.

விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது அவசியம். முதலில் இரண்டு கிலோ காயில் செய்து பார்த்து, கைப்பதம் வந்தபின் அளவைக் கூட்டுவதே நல்லது.