பழைய கார்டின் மேல் விழும் பழி

பிராட்பேண்ட் மந்தமாக இருந்தால், கணினிக்குள் இருக்கும் பழைய நெட்வொர்க் கார்டின் மேல்தான் பலருக்கும் முதல் சந்தேகம். பெரும்பாலும் அது வீண்பழி. ‘ஃபாஸ்ட் ஈதர்நெட்’ தரம் 1995இல் வந்தது; அதன்படி செய்த கார்டு நொடிக்கு 100 மெகாபிட் கடத்தும். வீடுகளுக்கு விற்கும் 30, 50, 100 எம்பிபிஎஸ் திட்டங்களுக்கு அது தாராளம். வேகச் சோதனையில் 94தானே வருகிறது என்று குறைபடுவோர் உண்டு. 1,460 பைட் தரவை அனுப்ப, முகவரி, பிழைச் சரிபார்ப்பு, இடைவெளி எல்லாம் சேர்ந்து கம்பியில் 1,538 பைட்டுக்கான நேரம் ஆகிறது. அந்த 94க்கு மேலான மிச்சம் அதில் போய்விடுகிறது. கார்டு பழசானதால் அல்ல.

1999இல் வந்த கிகாபிட் தரம் பத்து மடங்கு வேகம் என்பதால் பத்து மடங்கு வேகமாகத் துடிக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரு ஜோடிக் கம்பியில் நொடிக்கு அனுப்பும் குறியீடுகள் அதே 12.5 கோடிதான். கேபிளில் நான்கு ஜோடிகள் இருக்க, பழைய கார்டு இரண்டை மட்டும் பயன்படுத்தி, நீலத்தையும் பழுப்பையும் சும்மா விட்டுவிடுகிறது. கிகாபிட் நான்கையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குறியீட்டிலும் கூடுதல் தகவலை ஏற்றி, ஒரே ஜோடியில் ஒரே நேரத்தில் இரு திசையிலும் அனுப்புகிறது. எதிரெதிரே நின்று இருவரும் ஒரேசமயம் பேச, அவரவர் தம் குரலைக் கழித்துவிட்டு அடுத்தவர் சொன்னதைப் பிரித்தெடுப்பது போன்ற வேலை இது. வியக்க வைக்கும் பொறியியல்தான். ஆனால் அதற்கு எட்டு இழையும் நன்றாக இருக்க வேண்டும். பழுப்பு ஜோடியில் ஓர் இழையை எலி கடித்திருந்தால், புதுக் கார்டு 100க்கு இறங்கும், அல்லது இணையவே இணையாது. பழைய கார்டுக்கோ அந்த இழை தேவையே இல்லை.

300 எம்பிபிஎஸ் திட்டம் வாங்கியவர் என்ன செய்வது? பழைய கார்டு உள்ள அந்த ஒரு கணினிக்கு 100தான் உச்சவரம்பு. பெரிய கோப்புகளை ஓயாமல் இறக்குபவர் கார்டை மாற்றுவது நியாயம். ஆனால் ரவுட்டரின் லேன் போர்ட்டே 100 என்றால் அந்தச் செலவும் வீண். மலிவான ரவுட்டர்கள் பலவற்றில் அப்படித்தான். நன்றாக ஓடும் கார்டைக் குப்பையில் போடுமுன், அதே கேபிளில் வேறொரு கணினியைச் செருகிச் சோதித்துப் பாருங்கள். அதிலும் அதே மந்த வேகம்தான் வருகிறதென்றால், கோளாறு கேபிளிலோ ரவுட்டரிலோ வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ இருக்கிறது.