உக்கும் மரத்துக்குள் உழைப்பவர்கள்

விழுந்து உக்கிக் கிடக்கும் மரக்குற்றியைக் கண்டால் விவசாயிக்கு இரண்டு எண்ணங்கள் வரும். விறகுக்கு ஆகுமா என்பது ஒன்று. இதற்குள் வண்டு பெருகி நல்ல மரத்தையும் கெடுத்துவிடுமோ என்பது மற்றது. இரண்டாவது பயத்தில் நியாயம் உண்டு. உக்கிய தென்னங்குற்றியில் காண்டாமிருக வண்டின் புழு வளர்வதையும், பின்னர் அந்த வண்டு தென்னங்குருத்தைத் துளைப்பதையும் நாம் அறிவோம். ஜேர்மனியின் வனப் பராமரிப்பாளர்களும் இதே பயத்தினால் நெடுங்காலம் பட்ட மரங்களை அகற்றி, காட்டைக் கூட்டித் துடைத்த முற்றம்போல வைத்திருந்தார்கள். அங்கு நடந்ததை நாமும் அறிந்திருப்பது நல்லது.

ஒரே மரம் நட்ட காடு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் பெருமளவு காடு தறிக்கப்பட்டது. வென்ற நாடுகளுக்கு நட்டஈடாக மரம் போயிற்று. குளிரில் வாடிய மக்களுக்கு விறகும் தேவைப்பட்டது. வெறுமையான நிலத்தில், விரைவாகவும் நேராகவும் வளரும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தையே பெரும்பாலும் நட்டார்கள். அது குளிரும் ஈரமும் நிறைந்த மலைக்குரிய மரம்.

2018இல் கடும் வரட்சி தொடங்கியது. நலமான ஸ்புரூஸ் பிசினைச் சுரந்து, தன்னைத் துளைக்கும் வண்டை மூழ்கடிக்கும். நீரின்றி வாடிய மரத்தால் அது முடியவில்லை. சுமார் 5 மில்லிமீற்றர் நீளமே உள்ள பட்டை வண்டு கோடிக்கணக்கில் பெருகியது. 2018 தொடக்கம் 2021 சித்திரை வரை ஏறத்தாழ 5 இலட்சம் ஹெக்டேயர் காடு வரட்சியாலும் வண்டாலும் புயலாலும் அழிந்ததாகச் செய்மதிப் படங்களைக்கொண்டு கணக்கிட்டார்கள்.

எல்லா வண்டும் பகையல்ல

ஜேர்மனியில் பட்ட மரத்தை நம்பி வாழும் வண்டினங்கள் ஏறத்தாழ 1,400. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை நலமான மரத்தைத் தீண்டுவதில்லை. சில உக்கிய மரத்தை அரிக்கும், சில அதில் வளரும் பூஞ்சணத்தை உண்ணும், சில மற்றப் பூச்சிகளை வேட்டையாடும். பூஞ்சணங்களோடு சேர்ந்து மரத்தை மீண்டும் மண்ணாக்குவது இவற்றின் வேலை.

ஆனால் எல்லா மரமும் எல்லா வண்டுக்கும் ஏற்றதல்ல. ஊசியிலை மரத்தில் பிசின் உண்டு. ஓக் மரத்தில் துவர்ப்பு உண்டு. பட்டையின் தடிப்பும் வேறுபடும். கலைமான் கொம்பு போன்ற தாடையுள்ள பெரிய வண்டின் புழு, மண்ணுக்குள் உக்கும் ஓக் வேர்களில் பல ஆண்டுகள் வளரும். நீல நிறமான அல்ப்ஸ் வண்டு, வெயில் படும் பட்ட பீச் மரத்தையே பெரிதும் நாடும். 2009இல் மூன்று பிரதேசங்களின் காடுகளில் 13 வகை மரங்களின் குற்றிகளைப் போட்டு ஆய்வாளர்கள் கவனித்தனர். மரத்துக்கு மரம் குடியேறிய வண்டுகள் வேறுபட்டன. வியாபாரிகள் பெரிதாக மதிக்காத ஹோர்ன்பீம் மரத்தின் குற்றிகளில் எதிர்பாராத அளவுக்குப் பல இனங்கள் இருந்தன. ஆகவே ஒரே இன மரக்காட்டில் எவ்வளவு குற்றி கிடந்தாலும் அதில் வாழக்கூடியவை சிலவே.

கலப்புக் காட்டின் காவலர்

பட்டை வண்டைப் பிடித்துத் தின்னும் எறும்பு வண்டு இதற்கு நல்ல உதாரணம். வளர்ந்த வண்டு மரப்பட்டையின் மேல் காத்திருந்து பட்டை வண்டைப் பிடிக்கும். அதன் புழு பட்டைக்குள் சென்று எதிரியின் புழுக்களைத் தின்னும். ஆனால் கூட்டுப்புழுவாகத் தங்குவதற்கு அதற்குத் தடித்த பட்டை வேண்டும். ஸ்புரூஸின் பட்டை மெல்லியது, பைன் மரத்தின் பட்டை தடித்தது. 1999 புயலுக்குப் பின் பிரான்சில் ஆராய்ந்தபோது, பைனும் கலந்து நின்ற காடுகளில், பட்டை வண்டுகளின் தொகையோடு ஒப்பிட இந்தக் காவலர் கூடுதலாக இருந்தமை தெரியவந்தது.

கலப்புக் காட்டுக்கும் பட்டை வண்டு வரத்தான் செய்யும். ஆனால் ஸ்புரூஸ் பட்டாலும் பீச்சும் ஓக்கும் நிற்கும். காடு முழுவதும் வெளியாகிவிடாது.

எதை அகற்றுவது, எதை விடுவது?

வண்டு தாக்கிய பச்சை ஸ்புரூஸை உடனே அகற்றுவது சரியே. ஆனால் பட்டை காய்ந்து கழன்ற பின் அந்த வண்டு அதில் பெருகாது. பீச், ஓக் குற்றிகளும் அதற்கு இடங்கொடுப்பதில்லை. இவற்றை விட்டுவைப்பதால் தீங்கில்லை. வெட்டிய பீச் மரத்தைக் கோடையில் வெயிலில் அடுக்கி வைப்பதுதான் கெடுதல். அல்ப்ஸ் வண்டு வந்து அதில் முட்டையிடும். பின்னர் விறகோடு அதன் சந்ததியும் அடுப்புக்குப் போய்விடும்.

நமது மரங்கள் வேறு, வண்டுகளும் வேறு. ஆயினும் காணிக்குத் திரும்பிப் பற்றை வெட்டும் நாளில் இரண்டு காரியங்களை நாம் செய்யலாம். உக்கும் தென்னை, பனைக் குற்றிகளை வளவில் விடாமல் அகற்ற வேண்டும். பட்டுப்போன வேம்போ பாலையோ வீட்டுக்கும் பாதைக்கும் ஆபத்தில்லாத மூலையில் நின்றால், எல்லாவற்றையும் விறகாக்காமல் ஒன்றிரண்டை விட்டுவைக்கலாம். புதிதாக மரம் நடும்போதும் விரைவில் காசு தரும் ஒரே இனத்தால் காணியை நிரப்பாமல், வேம்பு, பூவரசு, முதிரை, பலா என்று கலந்து நடுவோம். ஓரினத்துக்கு நோய் வந்தாலும் மற்றவை நமக்கு மிஞ்சும்.