பிளேஸ்மென்ட் செல் வேற, கவுன்சிலிங் வேற

நம்ம ஊர்ல "கவுன்சிலிங்"னு சொன்னா உடனே ஞாபகம் வர்றது டிஎன்இஏ தான். கட்-ஆஃப், சாய்ஸ் ஃபில்லிங், அலாட்மென்ட். 2018-ல இருந்து அதுவும் ஆன்லைன். சீட் கிடைச்சதும் கவுன்சிலிங் முடிஞ்சுபோச்சுன்னு நினைக்கிறோம். ஆனா உண்மையான குழப்பம் அதுக்கப்புறம்தான். நாலாவது செமஸ்டர்ல மூணு அரியர், பிராஞ்ச் பிடிக்கல, வீட்டுல சொல்ல பயம். அப்போ யார்கிட்ட போறது?

நிறைய காலேஜ்ல கிடைக்கிற பதில், "பிளேஸ்மென்ட் செல்ல கேளு". அங்கதான் சிக்கல். அவங்க வேலை கம்பெனிகளைக் கூட்டிட்டு வர்றது. எத்தனை பேர் செலக்ட் ஆனாங்கங்கிறது அவங்க கணக்கு. "இந்த வேலை எனக்கு சரியா வருமா?"ங்கிறது உங்க கணக்கு. ரெண்டும் ஒண்ணு இல்ல. அதனால கேள்வியைப் பிரிச்சு, அதுக்கான ஆள்கிட்ட கொண்டு போகணும்.

முதல்ல படிப்பு. அண்ணா பல்கலைக்கழக ரெகுலேஷன்ஸ்படி ஒவ்வொரு மாணவருக்கும் துறையில ஒரு ஃபேகல்டி அட்வைசர் உண்டு. லீவ் லெட்டர்ல கையெழுத்து வாங்க மட்டும் இல்ல அவர். மார்க் ஷீட்டையும் அரியர் லிஸ்ட்டையும் எடுத்துட்டுப் போங்க. "என்ன பண்றதுன்னு தெரியல சார்"னு நிறுத்தாம, "இந்த மூணுல எதை முதல்ல முடிச்சா அடுத்த செமஸ்டர் பாடம் புரியும்?"னு கேளுங்க. நாலு வருஷ பி.இ.யை முடிக்க அதிகபட்சம் 14 செமஸ்டர் வரைக்கும் டைம் இருக்கு. மூணு அரியரோட வாழ்க்கை முடிஞ்சிடாது.

ரெண்டாவது வேலை. இதுக்கு பிளேஸ்மென்ட் செல் சரியான இடம். ஸ்டாண்டிங் அரியர்னா இன்னும் கிளியர் பண்ணாதது. ஹிஸ்டரி ஆஃப் அரியர்னா முன்னாடி வெச்சு, அப்புறம் கிளியர் பண்ணது. சில கம்பெனிங்க முதலாவதை மட்டும் பார்க்கும், சிலது ரெண்டையும் பார்க்கும். எது எதைப் பார்க்குதுன்னு செல்ல கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. போன வருஷம் செலக்ட் ஆன சீனியர் ஒருத்தரோட பேச முடியுமான்னும் கேளுங்க.

மூணாவது, எந்தப் பக்கம் போறதுங்கிற கேள்வி. 1908-ல பாஸ்டன்ல ஃபிராங்க் பார்சன்ஸ்னு ஒருத்தர் இதுக்காகவே ஒரு அலுவலகம் ஆரம்பிச்சார். அவரோட வழி ரொம்ப சிம்பிள்: உன்னைத் தெரிஞ்சுக்கோ, வேலையைத் தெரிஞ்சுக்கோ, ரெண்டையும் பொருத்திப் பாரு. நல்ல கவுன்சிலர் இன்னைக்கும் இதைத்தான் செய்வார். அரை மணி நேர டெஸ்ட் வெச்சு "உனக்கு டேட்டா சயின்ஸ்தான்"னு சொல்லி, அந்த கோர்ஸையும் அவரே வித்தா, அது கவுன்சிலிங் இல்ல, சேல்ஸ்.

"வேலையைத் தெரிஞ்சுக்கோ"ங்கிறதை நாம ஈஸியா விட்டுடறோம். என் வேலையையே எடுத்துக்கோங்க. கோடு எழுதறதை விட அடுத்தவங்க எழுதின கோடைப் படிக்கிறதுலதான் எனக்கு நேரம் அதிகம் போகுது. அது உங்களுக்குப் பிடிக்குமா? காசு கட்டறதுக்கு முன்னாடி, அந்த வேலையில இருக்கற ரெண்டு பேர்கிட்ட "நேத்து காலையில இருந்து என்னண்ணா செஞ்சீங்க?"னு கேளுங்க.

ஒண்ணே ஒண்ணு. தூக்கம் வரல, யார்கிட்டயும் பேச முடியலங்கிற அளவுக்குப் போயிட்டா, கரியரை ஓரமா வெச்சுட்டு டெலி மானஸ் 14416-க்கு கால் பண்ணுங்க. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம்.

அரியர் இருக்கற ஃபிரெண்டுக்கு இந்த எபிசோடை அனுப்புங்க. அடுத்த வாரம் பாப்போம்!