சர்வர் காப்புப்படி: சுருக்கி வைப்பதா, அப்படியே வைப்பதா?

பள்ளி சர்வரில் மாணவர் மதிப்பெண், பயிற்றிகள், மாதிரித் தேர்வுத் தாள்கள் எல்லாம் இருக்கின்றன. வன்தட்டு பழுதானால் கைகொடுப்பது காப்புப்படிதான். அதை எடுக்கும்போது தரவைச் சுருக்க வேண்டுமா? "இடம் மிச்சமாகுமே, சுருக்கலாம்" என்று உடனே சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். உள்ளே இருப்பது என்ன வகைத் தரவு என்று பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

சுருக்கம் எப்படி நடக்கிறது?

ஜிசிப் போன்ற மென்பொருள், திரும்பத் திரும்ப வரும் பகுதியை ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்த முறை "முன்னே வந்ததைப் பார்" என்று சின்னக் குறிப்பு மட்டும் போடும். விரித்தால் ஓர் எழுத்துகூடக் குறையாது. இதுவே இழப்பில்லாச் சுருக்கம்.

தமிழ் உரையையே எடுத்துக்கொள்வோம். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. 'அம்மா' என்பதில் அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறியீடுகள். ஆக 15 பைட்டு. எல்லாக் குறியீட்டுக்கும் முதல் பைட்டு ஒன்றேதான்; இரண்டாவது பைட்டில் இரண்டே வகை. அதனால் தமிழ் உரை நன்றாகச் சுருங்கும்.

எதைச் சுருக்கலாம்?

• சுருக்குங்கள்: உரைக் கோப்பு, சிஎஸ்வி பட்டியல், தரவுத்தளத்திலிருந்து எடுத்த எஸ்கியூஎல் கோப்பு.

• விட்டுவிடுங்கள்: ஜேபெக் படம், எம்பி3 ஒலி, எம்பி4 காணொளி. இவை ஏற்கெனவே சுருங்கியவை. வேர்டின் டாக்எக்ஸ் கோப்புகூட உள்ளுக்குள் ஒரு ஸிப் பொதிதான். இவற்றைச் சுருக்குவது, பிழிந்த சக்கையை மறுபடி பிழிவது போல.

கவனிக்க வேண்டியவை

1. மறையாக்கம் செய்வதாக இருந்தால் முதலில் சுருக்குங்கள், பிறகு மறையாக்குங்கள். மறையாக்கிய தரவில் திரும்ப வரும் பகுதி இருக்காது, அது சுருங்காது.

2. எல்லாவற்றையும் ஒரே பொதியாகச் சுருக்கினால், நடுவில் சிறு பழுது வந்தாலும் அதற்குப் பின்னால் உள்ளதை மீட்பது சிரமம். இரண்டு படிகளை வெவ்வேறு இடத்தில் வையுங்கள்.

3. சுருக்கும் வேலை செயலியின் நேரத்தைத் தின்னும். மாணவர்கள் சர்வரைப் பயன்படுத்தும் நேரத்தில் வேண்டாமே, இரவில் ஓடட்டும். ஜிசிப்பில் 1 முதல் 9 வரை நிலைகள் உண்டு. இயல்பான 6 போதும்.

மாணவர்களுக்கு: தேர்வில் கேட்டால் இரு பக்கமும் எழுதுங்கள். மிச்சம்: சேமிப்பிடம், அனுப்பும் நேரம். செலவு: செயலி நேரம், மீட்கும்போது விரிக்கும் நேரம்.

ஆசிரியர்களுக்கு: தவணைக்கு ஒருமுறையாவது காப்புப்படியை வேறொரு கணினியில் விரித்துத் திறந்து பாருங்கள். மதிப்பெண் பட்டியல் ஒழுங்காக வந்தால்தான் காப்புப்படி எடுத்ததாகக் கணக்கு.